அக்கம்பக்கத்தில் இல்லாத தொட்டி

ஆடம்பரப் பொருட்களுக்கும் வீடு மனைகளுக்கும் இன்னும் நியாயமாக எப்படி வரி போடலாம் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். நியாய வரிக் குழு என்று அதற்குப் பெயர். ஒன்பது உறுப்பினர்கள், ஒரு நீள மேஜை, ஒன்பது மெத்தை நாற்காலிகள். கூட்டக் குறிப்பு எழுத நான். எனக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். பதினேழு வருஷமாகப் பல குழுக்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவன்தான். ஆனால் இந்தக் குழுவின் பேச்சு மட்டும் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

முதல் கூட்டத்திலேயே ஒரு சிக்கல். விதிப்படி பொதுமக்களில் ஒருவர் அறையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லாவிட்டால் யாருக்கும் அமர்வுப் படி கிடையாது. பொதுமக்களில் அழைக்கப்பட்டிருந்த ஒரே ஒருவரும், வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது பக்கத்துக் கழிவறையில் இரும்பை இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

செயலாளர் ஓடிப்போய், வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஒருவரைக் காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்தார்.

"நீங்க பொதுமக்கள்ல ஒருத்தர்தானே?"

"நான் பிளம்பருங்க. குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க."

"பிளம்பரா இருந்தா பொதுமக்கள் இல்லைன்னு ஆயிடுமா?"

பிளம்பர் கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க. பொதுமக்கள்தான். வேற எதுவும் இல்லீங்க."

"அப்ப சரி. உள்ள வந்து பத்து நிமிஷம் நில்லுங்க, போதும்."

நில்லுங்கள் என்று அவர் சொன்னது சும்மா பேச்சுக்கு அல்ல. பத்தாவது நாற்காலி கிடையாது. வாங்கலாமே என்று செயலாளர் இழுத்தார். ஆடம்பரத்தை ஆராயும் குழுவே பத்தாவது நாற்காலி வாங்கினால் அது ஆடம்பரமாகிவிடாதா என்று பேராசிரியர் ஒரு சந்தேகம் கிளப்பினார். சந்தேகம் கோப்பாகி மேலிடத்துக்குப் போயிற்று. பிளம்பர் ஈரக் கையில் ஸ்பேனரோடு கதவோரம் நின்றார்.

ஆடம்பரம் என்றால் என்ன என்பதுதான் அன்றைய பொருள். தலைவர் தொண்டையைச் செருமினார். நகரத்தில் பாதி அவருக்கு வாடகை கொடுக்கிறது என்று சொல்வார்கள். அதனாலேயே அவரைத் தலைவராகப் போட்டார்கள். விஷயம் தெரிந்தவர் வேண்டாமா?

"ஆடம்பரம்ங்கறது பொருள்ல இல்ல, மனசுல இருக்கு," என்றார் தலைவர். "என்கிட்ட அஞ்சு கார் இருக்கு. ஒருநாள்கூட நான் அதை ஆடம்பரமா நினைச்சதில்ல. நினைக்காத மனுஷன்கிட்ட போய் வரி கேட்டா அது என்ன நியாயம்?"

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். அடுத்து பேராசிரியர். பொருளாதாரத்தில் பெரிய படிப்புப் படித்தவர்.

"நான் இதை விஞ்ஞானபூர்வமா பார்க்கிறேன். என் மாமனார்கிட்ட ஒரு படகு இருக்கு. ஆறு வருஷமா கரையில கிடக்கு. உபயோகமே இல்லாத பொருள் எப்படிச் சுகம் தரும்? சுகம் தராதது எப்படி ஆடம்பரம் ஆகும்? அதே படகை அவர் தினம் உபயோகிச்சா அது அவருக்குத் தேவைன்னு அர்த்தம். தேவைக்கு வரி போடக் கூடாது. ஆக, உபயோகிச்சாலும் ஆடம்பரம் இல்ல, உபயோகிக்காட்டியும் ஆடம்பரம் இல்ல."

"அப்ப ஆடம்பரம்னு ஒண்ணு இல்லவே இல்லைங்களா?" என்று செயலாளர் அரண்டுபோய்க் கேட்டார். ஆடம்பரம் இல்லையென்றால் குழு இல்லை. குழு இல்லையென்றால் படி இல்லை. ஒன்பது முகமும் வாடிவிட்டது. கழிவறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் தலைவர் கதவுப் பக்கம் திரும்பினார். "பொதுமக்கள் என்ன நினைக்கிறாங்க?"

பிளம்பரின் கவனமெல்லாம் அந்தச் சொட்டுச் சத்தத்தில் இருந்தது. எதையாவது சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினால் போதும் என்று நினைத்தார் பாவம்.

"பெரிசா என்னங்க இருக்கு. அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் இல்லாதது நம்மகிட்ட மட்டும் இருந்தா, அதுதாங்க ஆடம்பரம்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு படிச்சிருக்கோம். நமக்குத் தோணலையே," என்றார். அண்டை வீட்டுக் கொள்கை என்று அதற்குப் பெயர் வைத்து, ஏகமனதாக ஏற்று, பிளம்பரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். அமர்வுப் படி அவருக்குக் கிடைக்கவில்லை. அமர்ந்தவர்களுக்குத்தானே அமர்வுப் படி? அவர் நின்றுகொண்டல்லவா இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் வீடு மனை. போன தடவை பாதியில் விட்ட குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பரை மறுபடியும் கூட்டிவந்து நிறுத்தினார்கள். உறுப்பினர்களில் யார் யாருக்குச் சொந்த வீடு என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது என்று செயலாளர் சொன்னார். யாரும் கை தூக்கவில்லை.

தலைவர் குடியிருக்கும் மாளிகை ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அறக்கட்டளை அவர் மனைவிக்குச் சொந்தம். அந்த அம்மாளுக்கோ இங்கே வரி கட்டும் பொறுப்பு இல்லை, ஏனென்றால் அவர் காகிதத்தில் வெளிநாட்டில் வசிக்கிறார். பேராசிரியரின் நான்கு வீடும் மாமனார் பேரில். இன்னொரு உறுப்பினரின் மலை பங்களா, நாய்கள் நல நிதியத்தின் சொத்து. அதில் ஒரு நாய் இருக்கிறது.

"உண்மையைச் சொல்லப்போனா நான் அங்க தங்கியிருக்கேன், அவ்வளவுதான்," என்றார் தலைவர். "சில சமயம் மொட்டை மாடியில நின்னு யோசிச்சுப் பார்ப்பேன். நமக்குன்னு ஒரு செங்கல்கூட இல்லையேன்னு இருக்கும்."

கதவோரம் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது.

"எனக்கு இருக்குங்க. ஒன்றரை ரூம். எங்கப்பா கட்டினது. என் பேர்லதான் இருக்கு."

ஒன்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "கொடுத்து வச்சவர்," என்றார் தலைவர். அறையில் சொத்துடையவர் ஒருவரே என்று நான் குறித்துக்கொண்டேன். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் வேலையின் லட்சணமே அதுதான்.

மூன்றாவது தடவை கள ஆய்வு. வேனில் போனோம். முதலில் தலைவர் தங்கியிருக்கும் தெரு. பதினொரு வீடு. முதல் பத்து வீட்டுப் பின்புறத்திலும் நீல ஓடு பதித்த நீச்சல் குளம். பேராசிரியர் ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வியைக் கேட்டார். "பக்கத்து வீட்லயும் இருக்கா?" இருக்கிறது என்றார்கள். அப்படியானால் ஆடம்பரம் இல்லை என்று நான் குறித்தேன். கடைசி வீட்டில் மட்டும் குளம் இல்லை. மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். தெருவிலேயே பின்தங்கிய அவருக்கு வரிச் சலுகை தரலாம் என்று குழு பரிந்துரைத்தது.

அப்புறம் பிளம்பரின் தெரு. பதினெட்டு வீடு, ஒரே ஒரு பொதுக் குழாய். கட்டில், அடுப்பு, தையல் மெஷின், துணிக்கொடி என்று எல்லா வீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. உறுப்பினர்கள் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, ஆடம்பரம் எதுவும் சிக்காத சோகத்தில் வந்தார்கள். பிளம்பர் வீட்டு அரை அறைக்கு முன்னால் ஒரு பழைய திரை தொங்கியது. உள்ளே தண்ணீர் சலசலத்தது.

"யாரு?" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

"ஆபீஸ்லருந்து வந்திருக்காங்க," என்றார் பிளம்பர்.

"எந்த ஆபீஸா இருந்தாலும் பொம்பளை குளிக்கிற இடத்துல என்ன வேலை? வெளிய நிக்கச் சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி சேலையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். தையல் ஆலையில் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. காலையில் அரை மணி நேரம் இடுப்பளவு வெந்நீரில் உட்கார்ந்தால்தான் அவரால் எழுந்து நிற்க முடியும். நின்றால்தான் வீட்டுத் தையல் மெஷினுக்குப் போக முடியும். இதைப் பிளம்பர் சொல்லச் சொல்ல, பேராசிரியர் திரையை விலக்கிவிட்டார்.

உள்ளே ஒரு பாத் டப். ரோஸ் நிறம். ஒரு ஓரம் பெயர்ந்து உள்ளிருந்த இரும்பு கறுப்பாகத் தெரிந்தது.

"அக்கம்பக்கத்துல வேற யார்கிட்டயாவது இது இருக்கா?" பேராசிரியரின் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில்தான்.

"இல்லீங்க. ஒரு பெரிய வீட்ல நிறம் பழசாயிடுச்சுன்னு தூக்கிப் போட்டாங்க. வண்டி வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன்."

தலைவர் குனிந்து தொட்டியைத் தடவிப் பார்த்தார். "எங்க வீட்ல இருந்தது மாதிரியே இருக்கே."

"உங்க வீட்டோடதுதாங்க."

"பாருங்க," என்றார் தலைவர் எங்களைப் பார்த்து. "நான் ஆடம்பரத்தைத் துறந்தேன். இவர் எடுத்து வச்சுக்கிட்டார். யார் வரி கட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். பிளம்பருடைய மூன்று மாதச் சம்பாத்தியம் அளவுக்கு ஆடம்பர வரி. முப்பது நாளில் கட்டாவிட்டால் தொட்டிக்கு சீல். அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு நோட்டீஸை இரண்டு தடவை படித்தார்.

"குழாய் ரிப்பேர் பண்ணத்தானே போனீங்க," என்றார் புருஷனிடம். "வாஷரை மாத்திட்டு வரவேண்டியதுதானே. உங்களுக்கு எதுக்குக் கொள்கை?"

அவர் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டுதான் அன்று என்னோடு அலுவலகத்துக்கு நடந்து வந்தார்.

தலைவர் அவரை அன்பாகத்தான் வரவேற்றார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா கொள்கை உங்களோடது. கொள்கை சொன்னவருக்கே அதைத் தளர்த்திட்டோம்னா, நாளைக்கு ஜனங்க எங்களை நம்புவாங்களா? பாரபட்சம் எனக்குப் பிடிக்காது."

"அவளால நிக்க முடியாதுங்க, சார்."

"சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம். நிக்கறவங்க, நிக்காதவங்கன்னு நாங்க பார்க்கிறதில்ல."

பேராசிரியர்தான் ஒரு வழி சொன்னார். "அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் பாத் டப் இருந்துட்டா இது ஆடம்பரம் இல்ல. கொள்கை தெளிவா இருக்கே."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பிளம்பர் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டு போனார். பெரிய வீடுகளின் குழாயெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த வீட்டில் எந்த வருஷம் தொட்டி மாற்றினார்கள், பழசு எந்தக் கொல்லையில் கிடக்கிறது என்பது அவர் விரல் நுனியில் இருந்தது. மூன்று வாரம் தினமும் வேலை முடிந்ததும் தள்ளுவண்டியோடு அலைந்தார். பச்சை, மஞ்சள், ஒன்று முக்கோண வடிவத்தில்கூட. பதினேழு தொட்டி சேர்த்துவிட்டார்.

தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் வாங்கிக்கொண்டார்கள். எதிர்வீட்டு டிரைவர் தண்ணீர் பிடித்து வைத்தார். பக்கத்து வீட்டில் துணி ஊறப் போட்டார்கள். கடைசி வீட்டில் இடமில்லாததால் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அம்மாளின் இடுப்புக்காக ஒரு தெருவே இரும்பைச் சுமந்தது. என் குறிப்பேடுகள் எதிலும் இப்படி ஒரு காரியத்தை நான் எழுதியதில்லை.

குழு மறுபடியும் வந்தது. பதினெட்டு வீடு, பதினெட்டு தொட்டி. ஆடம்பர வரி ரத்து. செயலாளர் வாசலிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குக்கூட ஒரு டம்ளர் டீ கொடுத்தார்.

டீயை நான் குடித்து முடிப்பதற்குள், தெருமுனையில் நின்றுகொண்டிருந்த பேராசிரியர் தலைவரை அழைத்தார்.

"சார், இதைக் கவனிச்சீங்களா? வீட்டுக்கு வீடு பாத் டப். நகரத்துல இப்படி எத்தனை தெரு இருக்கு?"

"எங்க தெரு ஒண்ணுதான்."

"அப்ப இது முதல்தரப் பகுதி. வீட்டு வரியை முதல்தரத்துக்கு உயர்த்தணும்."

"எங்க தெருவுக்கும் அதே வரிதானே?" என்று தலைவர் ஒரு கணம் கவலைப்பட்டார்.

"உங்க தெருவுல சொந்தக்காரங்களே கிடையாதே சார். யார்கிட்ட வாங்கறது? இங்க பதினெட்டுப் பேரும் சொந்தக்காரங்க."

தலைவர் பெருமூச்சு விட்டார். "சொந்த வீடு இருக்கறவங்கதான் நாட்டைத் தாங்கணும்," என்றார்.

மறுநாள் பதினெட்டு நோட்டீஸ். நான்தான் வீடு வீடாகக் கொடுத்தேன். எதிர்வீட்டு டிரைவர் பிளம்பரிடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணே, உங்களுக்காகத்தான் வாங்கி வச்சோம். தப்பா எடுத்துக்காதீங்க. இது இருந்தா வீடே போயிடும் போல."

சாயங்காலத்துக்குள் பதினேழு தொட்டியும் தெருவில் வந்து விழுந்தன. இனி வீட்டுக்குள் இருப்பது ஒன்றே ஒன்று. அது இருந்தால் ஆடம்பரம். எல்லோரிடமும் இருந்தால் முதல்தரம். பிளம்பர் வாசலில் குந்தி உட்கார்ந்து இதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். எந்தக் குழாயிலும் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறக்கும். இந்தக் குழாய் இரண்டு பக்கமும் அடைத்திருந்தது.

சம்மட்டி கொண்டுவந்து அவரே உடைத்தார். அழிந்ததற்குச் சான்று எழுத என்னை அனுப்பியிருந்தார்கள். வார்ப்பிரும்பு லேசில் உடையாது. நாலாவது அடியில் ஒரு கீறல் விழுந்தது, ஏழாவதில் பிளந்தது. அந்த அம்மாள் மெஷினை நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் மட்டும் ஒருமுறை அதிர்ந்தது. எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சான்றிதழில் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசிக் கூட்டத்தில் அறிக்கை வெளியானது. அட்டையில் அந்த உடைந்த தொட்டியின் வண்ணப்படம். அடியில், "ஆடம்பரத்தைத் தாமாக முன்வந்து ஒழித்த முதல் தெரு" என்று அச்சடித்திருந்தார்கள். தலைவருக்கு மாலை போட்டார்கள். குழுவின் சேவை இத்தோடு நின்றுவிடக் கூடாது என்று மேலிடம் இன்னும் ஒரு வருஷம் நீட்டித்திருந்தது. இனி அவசியப் பொருட்களுக்கு நியாயமாக வரி போடுவது எப்படி என்று ஆராய வேண்டும்.

கழிவறையில் இரும்புச் சத்தம் கேட்டது. அதே குழாய்தான். செயலாளர் போய்க் கூட்டிவந்தார். பத்தாவது நாற்காலிக் கோப்பு இன்னும் திரும்பவில்லை. பிளம்பர் தன் பழைய இடத்தில், கதவோரம், வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"வாங்க, வாங்க," என்றார் தலைவர். "முதல் தடவை நீங்க சொன்ன ஒரு வார்த்தைதான் நம்ம அறிக்கைக்கே உயிர். இப்பவும் ஒண்ணு சொல்லுங்க. அவசியம்னா என்ன?"

ஒன்பது பேனாக்கள் தயாராக இருந்தன. என்னுடையதும்தான். பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவி சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் மனிதன் எவ்வளவுதான் அடக்குவான்?

"என் வீட்டுக்காரி காலைல எழுந்து நிக்கணும், சார்," என்றார். "எனக்கு அதுதான் அவசியம்."

"நிக்கறது," என்று எழுதிக்கொண்டார் பேராசிரியர். "நல்ல ஆரம்பம். ஆனா அளவு வேணும். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிக்கறது அவசியம்?"

"கதவு திறக்க, காருக்குப் போக, வர," என்று தலைவர் விரல் விட்டு எண்ணினார். "இருபது நிமிஷம் தாராளம்."

"அதுக்கு மேல நின்னா?"

"அதுக்கு மேல நின்னா அது அவங்க இஷ்டம். இஷ்டத்துக்குச் செய்யறது எல்லாம் ஆடம்பரம்தானே."

இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்பவர்களுக்கு வரி என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஒன்பது பேரும் உட்கார்ந்தபடியே கை தூக்கினார்கள். அறையில் நின்றுகொண்டிருந்தவர் பிளம்பர் ஒருவர்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அவர் எத்தனை மணியிலிருந்து நிற்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.